பின் இருக்கையில் மாதேசன்

என்மேல் எரிந்து விழுந்தே என்னை வளர்த்த அப்பாவுக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. பட்டறை நடக்கிறது. தம்பி ஒழுங்காகத்தான் பார்த்துக்கொள்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது; மாத்திரை போடச் சொன்னால் உங்களைப் போலவே முறைக்கிறாள். இதையெல்லாம் சொல்ல இந்தக் கடிதம் இல்லை. உங்களுக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை மீறிவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊரே படிக்கும்படி எழுதுகிறாயே என்று பல்லைக் கடிப்பீர்கள். கடியுங்கள். அறுபது வருடம் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. நான் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் குடி முழுகிவிடாது.

திருச்செங்கோட்டில் உங்களை எல்லோருக்கும் லாரிப் பட்டறை அர்த்தனாரி என்றுதான் தெரியும். இளவயதில் சனியும் ஞாயிறும் நீங்கள் விமானப்படைக்காரர் என்பது எங்களுக்கே பாதிதான் தெரியும். அப்போது அப்படி ஒரு துணைப்படை இருந்தது. வாரநாளில் அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, வாரக் கடைசியில் தளத்தில் கூடுகிறவர்கள். ஒருவர் வக்கீல், ஒருவர் மில் குமாஸ்தா, ஒருவர் பள்ளி வாத்தியார். நீங்கள் சங்ககிரியில் லாரி மெக்கானிக். சண்டை என்று வந்தால் முழுநேரப் படைக்குத் தோள் கொடுக்க இவர்கள் தயாராக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையில் கிரீஸ் கறையோடு சங்ககிரி ஸ்டேஷனில் ரயிலேறுவீர்கள். ஜலகண்டாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து உங்களோடு சேர்ந்துகொள்வார் மாதேசன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஊசி முனை அளவு வேலைகளில் அவர் கை சுத்தம் என்பதால் விமானத்தின் கருவிகளைப் பார்க்கிற வேலை அவருக்கு, இன்ஜின் உங்களுக்கு. கோயமுத்தூர்ப் பக்கத்துத் தளத்தில் உங்கள் அணிக்கு இருந்தவை, முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் நிறப் பயிற்சி விமானங்கள். அவற்றைச் சாகும்வரை நீங்கள் வண்டி என்றுதான் சொன்னீர்கள்.

அந்த அணி ரொம்ப நாள் இருக்கவில்லை. எல்லையில் சண்டை மூண்டபோது முழுநேரப் படைக்கே ஆள் போதவில்லை. உங்கள் விமானிகளை அங்கே எடுத்துக்கொண்டார்கள், பிறகு அணியைக் கலைத்துவிட்டதாக ஒரு காகிதம் வந்தது. எல்லோரும் அவரவர் பட்டறைக்கும் தறிக்கும் கோர்ட்டுக்கும் திரும்பிவிட்டார்கள். மாதேசன் மட்டும் திரும்பவில்லை. அவர் அதற்கு முன்பே செத்துப்போயிருந்தார்.

இப்போது அந்த அணிக்கு ஒரு வரலாறு எழுதியிருக்கிறார்கள் அப்பா. எழுதியவர் அணியில் விமானியாக இருந்த உங்கள் வக்கீல் சார்தான். எண்பத்தைந்து வயதிலும் கைத்தடியோடு ஊர் ஊராகப் போய்ப் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்திருக்கிறார். பாதிப் பேர் இல்லை. அவர்கள் பிள்ளைகளிடம் படமும் கடிதமும் வாங்கியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரில் வெளியீடு. அச்சுக்குப் போகும் முன் சரிபார்க்கச் சொல்லி உங்களைப் பற்றிய பக்கத்தைப் போன வாரம் எனக்கு அனுப்பினார்.

பக்கத்தைத் திறந்தேன்.

"சோதனைப் பறப்புக்கு முன் வால் பூட்டைக் கழற்ற மறந்த மாதேசன், தன் கவனக்குறைவுக்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்தார்." அடுத்த வரியிலேயே நீங்கள். "எரியத் தொடங்கிய விமானத்துக்குள் பாய்ந்து விமானியை இழுத்துப் போட்டவர் அவருடைய நண்பர் அர்த்தனாரி. இந்த அணி கண்ட பெரிய வீரம் அது." உங்கள் படம் பெரிதாக. மாதேசனுக்குப் படமே இல்லை.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மூன்று நாள் நீங்கள் என்னிடம் பேசியது இதையா அப்பா?

நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். உங்கள் அணியில் ஒரு பழக்கம். பழுது பார்த்த விமானத்தில் கடைசியாகக் கைவைத்தவன் எவனோ, அவன்தான் சோதனைப் பறப்பில் பின் இருக்கையில் ஏற வேண்டும். தன் உயிரும் அதில் போகிறது என்றால் வேலையைச் சரியாகச் செய்வான் அல்லவா? நல்ல பழக்கம்தான். ஆனால் ஆகாயத்தில் ஏறினால் உங்களுக்கு அடிவயிறு கலங்கும், வாந்தி வரும். எங்களை உருட்டி மிரட்டிய ஆளுக்கு ஆகாயத்தைக் கண்டால் பயம். அதனால் உங்கள் முறை வரும்போதெல்லாம் மாதேசன் ஏறிவிடுவார். ஆள் மாறுவது இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

அந்த வாரம் ஆயுத பூசை. லாரிக்காரர்கள் நான்கைந்து பேர் இருந்த அணியில் பூசை எப்படி இருக்கும்? மஞ்சள், குங்குமம், மாலை, எலுமிச்சை எல்லாம் வைத்து, விமானத்தின் வாலில் நீங்களே சிவப்புத் துணி கட்டினீர்கள். மறுநாள் காலை அதில்தான் சோதனைப் பறப்பு; அதில் கடைசியாகக் கைவைத்தது நீங்கள். மாலையை எடுத்தீர்கள். துணியை எடுக்கவில்லை. பூசைக்குக் கட்டிய துணியை லாரியில் யாரும் கையால் அவிழ்க்க மாட்டார்கள். அதுவாக நைந்து விழ வேண்டும்.

நிறுத்தி வைத்த விமானத்தின் வால் காற்றில் ஆடாமலிருக்க ஒரு மரப் பூட்டு போடுவார்கள். மறக்காமல் கழற்ற வேண்டும் என்று அதிலும் சிவப்புத் துணிதான் கட்டியிருப்பார்கள். விமானத்தில் சிவப்பைக் கண்டால் கழற்று என்று அர்த்தம். பட்டறையில் சிவப்பைக் கண்டால் கை வைக்காதே என்று அர்த்தம். அன்று காலை உங்கள் கண் பட்டறைக் கண்ணாக இருந்தது. இரண்டு சிவப்பையும் பூசைத் துணி என்று பார்த்துவிட்டு, "எல்லாம் ஆச்சுங்க" என்று கையைக் காட்டிவிட்டீர்கள். மாதேசன் பின்னால் ஏறினார்.

விமானம் தரையை விட்டு எழும்போதே ஒருபக்கமாக இழுத்தது. திருப்ப முடியவில்லை. இறக்கை தரையில் இடித்துக் கவிழ்ந்தது. நீங்கள் ஓடிப்போய் முன்னால் இருந்த வக்கீல் சாரை இழுத்துப் போட்டீர்கள். அது பொய்யில்லை. பின்னால் மாதேசனுக்கு அதற்குள் கழுத்து முறிந்திருந்தது.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். "கடைசியாகக் கைவைத்தது யார்?" என்று கேட்டார்கள். "மாதேசனுங்க" என்றீர்கள். ஒரே ஒரு பெயர். பின் இருக்கையில் அவர்தானே இருந்தார், யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

இதைச் சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஆருகிட்டயும் சொல்லிராத சாமி. பேரன் பேத்தி எல்லாம் தலைநிமுந்து நடக்கோணும். சத்தியம் பண்ணு." மூச்சு வாங்கிக்கொண்டிருந்த உங்களிடம் முடியாது என்று எப்படிச் சொல்வேன்? பண்ணினேன்.

அதனால்தான் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு நான்கு நாள் சும்மா இருந்தேன். ஒழியட்டும், செத்தவர்கள் இரண்டு பேர், யாருக்கு என்ன என்று கூட நினைத்தேன். புதன்கிழமை காலையில் வக்கீல் சார் போன் செய்தார். "ஒரு சந்தோஷமான சேதிம்மா. மாதேசன் பொண்ணைக் கண்டுபிடிச்சுட்டேன். ஜலகண்டாபுரத்துலயே இருக்காங்க. அவர் போனப்ப வயித்துல இருந்த குழந்தை. ஞாயித்துக்கிழமை அவங்களை மேடையில உக்கார வெக்கறோம்."

எந்த மேடையில்? அவர் அப்பா தன் தப்பால் தானே செத்தார் என்று அச்சடித்துக் கையில் கொடுக்கப் போகிற மேடையில்.

தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கோயமுத்தூர் போனேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பக்கங்கள் அச்சுக்குப் போகும் என்றிருந்தார். நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

வக்கீல் சார் நான் சொன்னதையெல்லாம் கடைசிவரை கேட்டார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தார். அந்த விபத்தில் உடைந்த இடுப்பு.

"காதால கேட்ட சாட்சி கோர்ட்ல நிக்காதும்மா" என்றார்.

"இது கோர்ட் இல்லீங்க சார்."

"உங்கப்பா என்னை நெருப்புல இருந்து தூக்கினவர். அவர் பேர்ல நானே சேறு வாரிப் போடணுமா? என்னால ஆகாது. நீங்களும் பேசாம ஊருக்குப் போங்க. அவருக்குப் பண்ணின சத்தியம்னு ஒண்ணு இருக்கில்ல?"

எனக்கு வந்ததே கோபம்! நீங்கள் எனக்கு வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து அதுதானே. "அப்ப அந்தச் செல்லாத சாட்சியைத் தூக்கிட்டு நேரா ஜலகண்டாபுரம் போறேனுங்க. அவங்க செல்லும்னு சொன்னா?" என்றேன். அவர் முகம் வெளுத்தது. எதற்கு இந்த மனிதர் இவ்வளவு பயப்படுகிறார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நேற்றுக் காலை போனேன் அப்பா. உங்களுக்கு அந்த ஊர் வழி நினைவிருக்கிறதா? எங்களை மேட்டூர் அணைக்குக் கூட்டிப் போனபோதெல்லாம் ஓமலூர் சுற்றித்தான் போவீர்கள். ஜலகண்டாபுரம் வழியாகப் போனால் கிட்டம் என்று அம்மா சொன்னால் கத்துவீர்கள். அந்தக் கிட்டமான வழியில் நேற்று முதன்முறையாகப் போனேன்.

தெருவெல்லாம் தறிச் சத்தம். மாதேசன் மகள் காவேரி அக்காவுக்கு அறுபது வயது. மெலிந்த உடம்பு, நரைத்த தலையில் பஞ்சுத் தூசி. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் யார் என்று சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு.

"அர்த்தனாரியண்ணன் மகளா? வாங்க அம்மிணி, வாங்க! உங்கப்பா பேரை எங்கம்மா சொல்லுமுங்க. எங்கப்பாவுக்கு அவருன்னா உசுராமா. ஒருதடவை கூட இந்தப் பக்கம் வரலியேன்னு கேக்கும். இருங்க, தண்ணி கொண்டாறேன்."

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? தண்ணீரைக் குடித்தேன். தறியை நிறுத்திவிட்டு வரச் சொன்னேன். சத்தம் நின்றதும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பூசைத் துணி, மரப் பூட்டு, ஆள் மாறியது, விசாரணை. "மாதேசனுங்க" என்று நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் சொன்னேன். அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் கையில் இருந்த சொம்பைப் பார்த்தே சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கம்மா சாகற வரைக்கும் ஆயுத பூசை கும்பிடலீங்க" என்றார். "தறிக்குப் பொட்டு வெக்க மாட்டா. புருசன் தன் கையாலயே தனக்குக் குழி தோண்டிக்கிட்டான்னு தெருவுல பேசினாங்க. பூட்டைக் கழட்டாதது அவரு தப்பு. பொறந்தது பொட்டையாப் போனதால எங்காலு ராசியும் தப்பு. இதைக் கேட்டே நான் வளந்தேன். உங்கப்பா ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா? ஒரே ஒரு வார்த்தைங்க."

"தப்புத்தானுங்க்கா" என்றேன்.

"மன்னிச்சுட்டேன்னு எங்கிட்ட எதிர்பாக்காதீங்க."

"இல்லீங்க்கா. அதுக்கு வரல."

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பக்கம் அச்சுக்குப் போவதைச் சொன்னேன். படித்தும் காட்டினேன். அவர் அதை வாங்கித் தானே ஒருமுறை படித்தார். பிறகு என் போனை நீட்டச் சொன்னார். "அந்த வக்கீலுக்குப் போடுங்க. சத்தமா வெய்யுங்க, ரெண்டு பேரும் கேக்கலாம்."

வக்கீல் சார் எடுத்தார். மாதேசன் மகள் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா நேராகக் கேட்டார்.

"சார், எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தறியை ஓட்டறதுக்கு மின்னாடி நான் ஒருதடவை கையால இழுத்துப் பாப்பேன். வாலைக் கட்டி வெச்சிருந்தா, நீங்க கிளப்பறதுக்கு மின்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்களா?"

அறுபது வருடத்தில் எந்த அதிகாரியும் கேட்காத கேள்வி அது அப்பா. உங்களுக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் கொஞ்சமாவது தூங்கியிருப்பீர்களோ என்னவோ.

வக்கீல் சார் போனை வைக்கவில்லை.

"தெரிஞ்சிருக்கணும்மா" என்றார். குரல் உடைந்திருந்தது. "ஒவ்வொரு தடவையும் காலால மிதிச்சு வால் அசையுதான்னு பாக்கணும். அன்னிக்கு நான் பாக்கல. பாத்தேன்னு விசாரணையில சொன்னேன். பூட்டை மறந்தது உங்கப்பான்னுதான் இத்தனை வருஷம் நெனச்சிருந்தேன். அதை வெச்சு என் மனசைத் தேத்திக்கிட்டேன்."

உயிரோடு இருந்த இரண்டு பேர் சேர்ந்து செத்தவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். ஒருவருக்கொருவர் தெரியாமலே. இதற்குப் பெயர்தான் வீரமா அப்பா?

"அதை எழுதுங்க சார்" என்றார் காவேரி அக்கா. "உங்க பேரும் போடுங்க. அவங்கப்பா பேரும் போடுங்க. அவரு நெருப்புல குதிச்சதையும் எடுக்க வேண்டாமுங்க, நடந்தது நடந்ததுதானே. எங்கப்பா மேல தப்பில்லைன்னு ஒரு வரி. பேரக் கொழந்தைங்க மின்னாடி உங்களுக்கு மானக்கேடா இருந்தா நான் என்ன பண்ணட்டுங்க? நாங்க அதுலயே வாழ்ந்தோம்."

"எழுதறேம்மா. இப்பவே எழுதறேன்" என்றார். இன்று காலை ஒன்பது மணிக்குத் திருத்திய பக்கத்தை எனக்கு அனுப்பினார். மூன்று பெயரும் இருக்கிறது. எழுதியது எழுதியபடி அச்சுக்குப் போய்விட்டது. இனி நீங்களே எழுந்து வந்தாலும் நிறுத்த முடியாது. பேரன் பேத்திகளிடம் நானே படித்துக் காட்டப் போகிறேன். அவர்கள் தலைகுனிந்தால் கொஞ்ச நேரம் குனியட்டும்.

ஆனால் உங்களிடம் எனக்கிருக்கும் கோபம் அதோடு தீரவில்லை. போனை வைத்த பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

நான் புறப்பட எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஏனுங்க அம்மிணி, அன்னிக்கு வண்டியில ஏறறதுக்கு மின்னாடி எங்கப்பா ஏதாச்சும் பேசினாருன்னு உங்கப்பா சொன்னாருங்களா?"

சொன்னீர்களே. ஆஸ்பத்திரியில் மூன்று நாளும் மாதேசன் பேச்சுத்தானே பேசினீர்கள். எனக்கு அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. நீங்கள் பின் இருக்கையின் விளிம்பில் கையை வைத்து நடுங்கிக்கொண்டு நின்றபோது மாதேசன் வந்து உங்களை இழுத்து விட்டுச் சிரித்தாராமே, அதை அவர் மகளிடம் அப்படியே சொன்னேன்.

"நவுருடா பயந்தாங்கொள்ளி. எனக்குப் பொட்டப்புள்ளதான் பொறக்கும் பாரு, எம்மனசு சொல்லுது. அதை இதுல உக்கார வெச்சு எங்கூரை ஒரு சுத்துச் சுத்திக் காட்டோணும். அதுக்குத்தான் இப்பவே மேல போயி வழி பாத்துட்டு வாரேன்."

"பொட்டப்புள்ளன்னா சொன்னாரு?"

"ஆமாங்க்கா."

"பையன் வேணும்னு சொல்லலியா?"

"இல்லீங்க்கா. பொட்டப்புள்ளன்னுதான் சொன்னாராமா. சிரிச்சுக்கிட்டே சொன்னாராமா."

அவர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார் அப்பா. அறுபது வயதுப் பெண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுது ஓய்ந்ததும், "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொருக்கா" என்றார். ஒரு எழுத்து மாறாமல் திரும்பவும் சொன்னேன்.

பழியை மட்டும்தான் மறைத்தேன் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். ஒரு அப்பா தன் பெண்ணைப் பற்றிப் பேசிய கடைசிப் பேச்சையும் சேர்த்தல்லவா மறைத்து வைத்திருந்தீர்கள்? அதை அறுபது வருடம் உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ள உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

உங்களுக்குக் கொடுத்த சத்தியம் போகட்டும், இப்போது புதிதாக ஒன்று தருகிறேன். மாதேசன் என்ன பாட்டுப் பாடுவார், ரயிலில் உங்களோடு எதற்குச் சண்டை போடுவார், கருவி பார்க்கும்போது நாக்கை எப்படிக் கடித்துக்கொள்வார் என்று நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் நினைவிலிருந்து தோண்டி எடுத்து, ஜலகண்டாபுரம் போய் அந்த அக்காவிடம் கொடுத்துவிடுவேன். எனக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ள மாட்டேன். எல்லாம் அவருடையது.

சொன்ன பேச்சைக் கேட்காத,
உங்கள் மூத்த மகள் ராஜாமணி